கடல் தபாலில் பாதிப் பங்கு: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், 1860-களில் மெல்போர்னிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு பழைய கடித உறையைப் பற்றி எழுதியபோது, அந்தக் காலத்து ஆஸ்திரேலியத் தபால் கப்பலின் செலவில் பாதியைப் பிரிட்டிஷ் அரசும் மறுபாதியைக் குடியேற்ற (காலனி) அரசுகளும் ஏற்றன என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றியே பல வாசகர்கள் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகையால் இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கடிதம் எழுதுகிறவர் தபால்தலை வாங்கி ஒட்டுகிறார். அந்தக் காசிலேயே கப்பல் கூலியும் அடங்கிவிடாதா? இரண்டு அரசுகள் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குச் செலவு எங்கிருந்து வந்தது?
(வாசகர், ராஜபாளையம்)

அடங்கவில்லை. பாய்மரக் கப்பலின் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு எப்படியும் புறப்படுகிற கப்பலில் ஒரு மூட்டைக் கடிதத்தையும் போட்டு அனுப்புவார்கள். அது போய்ச் சேர மூன்று மாதமோ நான்கு மாதமோ ஆகும். என்றைக்குப் புறப்படும், என்றைக்குச் சேரும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வணிகர்களுக்கு வேண்டியிருந்தது வேகம் மட்டுமல்ல, நாள் தவறாமையும்கூட. சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த தேதியில் புறப்பட்டாக வேண்டும் என்றால் அதற்கு நீராவிக் கப்பல் வேண்டும். நீராவிக் கப்பலுக்கு வழிநெடுகிலும் நிலக்கரி வேண்டும். ஏடனிலும் இலங்கையின் காலித் துறைமுகத்திலும் குவித்து வைத்திருந்த நிலக்கரியில் பெரும்பகுதி, பிரிட்டனிலிருந்து பாய்மரக் கப்பல்களில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தது. அந்த நிலக்கரியைக் கப்பலுக்குள் அடுக்கிய பிறகு, கூலி தரும் சரக்குக்கு மிஞ்சிய இடமோ குறைவு. எனவே ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையை அரசு உறுதி செய்யாமல் எந்தக் கப்பல் நிறுவனமும் இந்தத் தொழிலில் இறங்கவில்லை. அந்தத் தொகைதான் தபால் மானியம்.

ஒரு சிறு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 1856-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்துக்கு ஆண்டு மானியம் 1,85,000 பவுன். அரை அவுன்ஸ் கடிதத்துக்குக் கட்டணம் ஆறு பென்ஸ். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். அதாவது நாற்பது கடிதம் போனால் ஒரு பவுன் வரும். மானியத்தை ஈடுகட்ட இரு திசையிலும் சேர்த்து ஆண்டுக்கு 74 லட்சம் கடிதங்கள் போயிருக்க வேண்டும். 1861-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறியிருந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம் பேரைச் சுற்றித்தான் இருந்தார்கள். அத்தனை கடிதம் போகவில்லை. போயிருந்தாலும் அந்த ஆறு பென்ஸிலிருந்து உள்நாட்டுத் தபாலின் செலவையும் கழிக்க வேண்டும். இதற்கு மேல், பைகளின் எடையைக் கூட்டியவை குறைந்த கட்டணத்தில் போன செய்தித்தாள்கள். ஆக, இழப்பு வரும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த ஒன்று. அதை யார் தலையில் ஏற்றுவது என்பதுதான் அரை நூற்றாண்டு நடந்த வழக்கு.

‘பாதிப் பாதி’ என்ற ஏற்பாடு எப்போது வந்தது? குடியேற்றங்கள் பலவாக இருந்தனவே, தங்கள் பாதியை அவை எப்படிப் பிரித்துக்கொண்டன?
(ஆசிரியை, தஞ்சாவூர்)

1851-இல் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தங்கம் கிடைத்தது. 77,000 பேர் அளவில் இருந்த விக்டோரியாவின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வீட்டை விட்டு அத்தனை தூரம் போனவர்களின் கடிதங்களுக்கு வழி செய்தாக வேண்டிய நெருக்கடி அப்போது வந்தது. 1852-இல் பி அண்டு ஓ (பெனின்சுலர் அண்டு ஓரியண்டல்) என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கப்பல் விட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ரஷ்யாவுடன் கிரைமியப் போர் மூண்டதால், படைகளை ஏற்றிச் செல்ல அந்த நீராவிக் கப்பல்களை அரசு எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியத் தபால் மறுபடி பாய்மரக் கப்பலுக்குத் திரும்பியது.

போர் முடியும் தறுவாயில் புதிய ஏற்பாட்டுக்கு வேலை தொடங்கியபோதுதான் பாதிப் பங்கு என்ற விதி உருவாயிற்று. அந்த ஆண்டுகளில்தான் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகியவை தன்னாட்சி பெற்றன. தங்கள் வரவு செலவைத் தாங்களே தீர்மானிக்கும் சட்டமன்றங்கள் அமைந்தன. தன்னாட்சி கேட்டுப் பெற்றவர்கள் தங்கள் தபாலின் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்று லண்டன் கருவூலம் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போது பிரிட்டிஷ் தபால்துறைக்குத் தலைவராக இருந்தவர் கானிங் பிரபு. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவரேதான். தபால் கப்பல் ஒப்பந்தங்களை ஆராய 1853-இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைமை தாங்கியிருந்தார்.

1,85,000 பவுனில் லண்டனின் பங்கு 92,500. மீதி 92,500-ஐ ஒவ்வொரு குடியேற்றமும் அனுப்பும் கடிதங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒப்பந்தத்தைப் பேசியதும், நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும், கையொப்பமிட்டதும் லண்டன் மட்டுமே. குடியேற்ற அரசுகளுக்குச் செலவில் பாதிப் பங்கு இருந்தது, தேர்வில் பங்கில்லை. கிழக்கில் நெடுங்காலம் கப்பல் விட்டிருந்த பி அண்டு ஓ-வை விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கிய ஐரோப்பிய ஆஸ்திரேலிய ராயல் மெயில் நிறுவனத்துக்கு லண்டன் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. தேவையான கப்பல்கள் அந்த நிறுவனத்திடம் இல்லை. பிறரிடம் வாடகைக்கு வாங்கி ஓட்டியது. இயந்திரப் பழுது, தாமதம், நட்டம் என்று தொடர்ந்து, 1858-க்குள் நிறுவனமே மூழ்கிவிட்டது. 1859-இல் தபால் மீண்டும் பி அண்டு ஓ-விடம் வந்தது. முதலில் மொரிஷியஸ் வழியாகவும், அது சரிவராமல் பின்னர் இலங்கை வழியாகவும் கப்பல்கள் போயின.

இந்தக் கதையில் எங்கள் காலித் துறைமுகம் எப்படி நுழைந்தது?
(வாசகர், யாழ்ப்பாணம்)

சூயஸிலிருந்து வரும் பாதை காலியில்தான் கிளை பிரிந்தது. ஒரு கிளை சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போனது; ஒரு கிளை பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று சென்றது; மூன்றாவது கிளை தெற்கே திரும்பி மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் போனது. ஆஸ்திரேலியாவுக்கான பைகளைக் காலியில் இறக்கி, காத்திருக்கும் வேறு கப்பலில் ஏற்றுவார்கள். ஐரோப்பியச் செய்தி இலங்கையில் முதலில் வந்து இறங்கியதும் காலியில்தான். 1850 முதல் சில ஆண்டுகள், தந்தி வருவதற்கு முன்பு, ‘சிலோன் அப்சர்வர்’ செய்தித்தாள் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக்களின் காலில் செய்தி கட்டி அனுப்பியது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பியபின், 1880-களில், பி அண்டு ஓ கப்பல்கள் கொழும்புக்கு மாறின. காலியின் பாறைகள் நிறைந்த துறைமுகத்தைக் கப்பல் தலைவர்கள் எப்போதுமே அஞ்சினார்கள்.

ஆளுக்குப் பாதி என்பது நேர்மையான பங்கீடுதானே? பிறகு ஏன் குடியேற்றங்கள் ஓயாமல் குறைபட்டுக்கொண்டன? கொடுக்க மனமில்லாமையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

அப்படிச் சொன்னவர்கள் அன்றும் லண்டனில் இருந்தார்கள். ஆனால் இந்தப் பங்கீட்டின் கோளாறு பாதி என்ற அளவில் இல்லை. அதே பாதிக்கு ஒவ்வொரு ஊரும் பெற்ற பயனில்தான் இருந்தது.

கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கும், எந்தத் துறைமுகத்தோடு திரும்பும் என்பதை வைத்து இதைப் பார்க்க வேண்டும். கப்பல் மேற்கிலிருந்து வந்து முதலில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் நிலக்கரி ஏற்றும்; பிறகு மெல்போர்ன்; கடைசியாகச் சிட்னி. சிட்னியில் சில நாள் நின்று அதே வழியில் திரும்பும். மெல்போர்ன் வணிகருக்கு லண்டன் கடிதம் முதலில் கைக்கு வருகிறது. கப்பல் சிட்னிக்குப் போய்த் திரும்பும்வரை அவர் நிதானமாகப் பதில் எழுதலாம். சிட்னிக்காரருக்கு அவகாசம் அதைவிடக் குறைவு. நியூசிலாந்துக்காரரின் நிலை என்ன? அவருடைய கடிதம் இன்னொரு கிளைக் கப்பலில் ஏறி ஆயிரம் மைலுக்கு மேல் கடல் கடந்து வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பெரிய கப்பல் லண்டனை நோக்கித் திரும்பிவிட்டால், அவருடைய பதில் அடுத்த மாதக் கப்பலுக்குக் காத்துக்கிடக்கும். கம்பளியின் விலை லண்டனில் என்ன என்று தெரிந்து விற்கும் வணிகத்தில் ஒரு மாதம் பிந்துவது சிறிய விஷயம் அன்று. இத்தனைக்கும், அந்தக் கிளைக் கப்பலுக்கு நியூசிலாந்து தனியே பணம் கட்ட வேண்டும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வருத்தம் இன்னும் கசப்பானது. கப்பல் அடிலெய்டுக்கு எதிரே கடலில் கடந்துபோகும், உள்ளே வராது. சிறிது காலம் கங்காரு தீவில் நின்றது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. தங்கள் தபாலை எடுத்துவர ஆல்பனி வரைக்கும் தாங்களே ஒரு கப்பல் அனுப்ப வேண்டிய நிலைக்கு அடிலெய்டு அரசு வந்தது. மக்கள்தொகையில் மிகச் சிறியதான மேற்கு ஆஸ்திரேலியாவுக்கோ, நிலக்கரிக்காக ஆல்பனியில் கப்பல் நின்றே ஆக வேண்டியிருந்ததால், கேளாமலே அந்த வசதி கிடைத்தது. 1859-இல் தனிக் குடியேற்றமான குயின்ஸ்லாந்து, வடக்கே டோரஸ் நீரிணை வழியாகக் கப்பல் வந்தால் தபால் தனக்கு முதலில் கிடைக்குமே என்று கேட்டது. கடிதங்களின் எண்ணிக்கையை வைத்துச் செலவைப் பிரித்த கணக்கில் இந்த வேறுபாடுகளுக்கு இடமே இல்லை.

இன்னொரு வாதமும் இருந்தது. எனக்கு அது வலுவானதாகவே படுகிறது. 1860 வரை தபால் கப்பல் ஒப்பந்தங்களைச் செய்தது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சகம். அதன் பிறகே அவை தபால்துறையின் கைக்கு வந்தன. போர் வந்தால் படையை ஏற்றிச் செல்லவும் துப்பாக்கிகள் பொருத்தவும் தகுந்த கப்பல்கள் பேரரசுக்கு வேண்டியிருந்தன. கிரைமியப் போரில் அவை அப்படியே பயன்பட்டன. அப்போது ஆஸ்திரேலியத் தபால் நின்றுபோனதற்காகக் குடியேற்றங்களுக்கு யாரும் ஈடு தரவில்லை. கடிதத்தோடு சேர்த்துப் பேரரசின் பாதுகாப்பையும் சுமந்த ஒரு கப்பலின் செலவைக் கடிதத்தின் கணக்கில் மட்டும் எழுதி, அதில் பாதியைக் கேட்பது சரியான கணக்காகாது.

1867 மார்ச்சில் குடியேற்றங்கள் மெல்போர்னில் கூடிப் பேசின. சூயஸ், பனாமா, டோரஸ் நீரிணை என்று மூன்று வழிகளிலும் கப்பல் விட்டால் எல்லோருக்கும் நியாயம் கிடைக்கும். மூன்றின் செலவிலும் பாதியைப் பிரிட்டன் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த திட்டம். தபால் செலவைப் பேசக் கூடிய அந்தக் கூட்டத்தில்தான் நியூ சவுத் வேல்ஸின் ஹென்றி பார்க்ஸ், இந்தக் குடியேற்றங்கள் ஒரு கூட்டாட்சியாகப் பிணைய வேண்டிய காலம் வந்துவிட்டது என்ற கருத்தை முன்வைத்தார். பின்னாளில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் தந்தை என்று போற்றப்பட்டவர் அவர். தபால் திட்டமோ நினைத்தபடி நிறைவேறவில்லை. பனாமா வழியில் நியூசிலாந்தும் நியூ சவுத் வேல்ஸும் பணம் கொடுத்து 1866-இல் தொடங்கிய கப்பல் சேவை 1869-இல் நின்றுபோயிற்று.

கனடாவும் இப்படித்தான் பாதி கொடுத்ததா?
(வாசகர், சேலம்)

கனடாவின் குறை வேறு விதமானது. அங்கே குனார்டு நிறுவனத்தின் அட்லாண்டிக் கப்பல்களுக்கு முழு மானியத்தையும் லண்டனே கொடுத்தது. 1850-களில் அது ஆண்டுக்கு 1,73,340 பவுன். அந்தக் கப்பல்கள் ஹாலிஃபாக்ஸையும் பாஸ்டனையும் தொட்டுத் தொடங்கி, 1848 முதல் நியூயார்க்குக்கும் போயின. தங்கள் பேரரசு கொடுக்கும் பணம் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வணிகத்தை இழுத்துக்கொண்டு போகிறதே என்று கனடா மாகாணம் மனம் நொந்தது. 1851-இல் தன் தபால்துறை தன் கைக்கு வந்திருந்ததால், 1856 முதல் ஆலன் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 24,000 பவுன் தானே கொடுத்துத் தனக்கென ஒரு கப்பல் வரிசையை அமைத்துக்கொண்டது. லண்டன் அதில் பங்கேற்கவில்லை.

பாதிப் பங்கு விதி எத்தனை காலம் நீடித்தது? அதற்கு மாற்றாக வந்தது என்ன?
(கல்லூரி மாணவி, மதுரை)

1870-களின் தொடக்கத்தில் அது முடிவுக்கு வந்தது. ஒப்பந்தக் காலம் முடியவிருந்த 1873-இல் லண்டன் வேறொரு யோசனையைச் சொன்னது: பிரிட்டனிலிருந்து காலி, சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று இடங்கள் வரைக்கும் தபாலைக் கொண்டுசேர்க்கும் செலவு எங்களுடையது, அங்கிருந்து உங்கள் துறைமுகம் வரைக்குமான கப்பலை நீங்களே பேசி அமர்த்திக்கொள்ளுங்கள், செலவும் உங்களுடையதே.

பகிர்வின் அடிப்படையே இதனால் மாறிவிட்டது. முன்பு பணத்தைப் பிளந்தார்கள். இப்போது பாதையைப் பிளந்தார்கள். இது லண்டனுக்கு மிக வசதியான ஏற்பாடு. காலிக்கும் சிங்கப்பூருக்கும் இந்திய, சீனத் தபாலுக்காக எப்படியும் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதிலேயே ஆஸ்திரேலியப் பைகளையும் ஏற்றிவிடலாம். 1869 மே மாதம் அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை முடிந்திருந்ததால், சான் பிரான்சிஸ்கோ வழியும் திறந்திருந்தது.

குடியேற்றங்களின் பக்கம் பார்த்தால், முதல் முறையாகத் தாங்களே வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது; அதற்கு விலையாகச் செலவு கூடியது. உரிமை கிடைத்தவுடன் ஒற்றுமை போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். விக்டோரியா, பி அண்டு ஓ-வுடன் தானே பேசிக் காலிக்கும் மெல்போர்னுக்கும் இடையே கப்பலை அமர்த்தியது. குயின்ஸ்லாந்து தான் வெகுநாள் விரும்பிய டோரஸ் நீரிணை வழியைச் சிங்கப்பூரோடு இணைத்தது. நியூசிலாந்தும் நியூ சவுத் வேல்ஸும் பசிபிக் பெருங்கடலைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவைப் பிடித்தன. அதற்காக முன்னின்று உழைத்தவர் நியூசிலாந்து அரசியல்வாதி ஜூலியஸ் வோகல். ஒரே லண்டனுக்குப் போகும் கடிதங்களுக்கு மூன்று கடல்களில் மூன்று கப்பல் வரிசைகளைப் பணம் கொடுத்து ஓட்டினார்கள். இதை வீண் செலவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அடிலெய்டையும் ஆக்லாந்தையும் வெலிங்டனையும் ஓரமாக வைத்துவிட்டு ஓடிய பழைய ஏற்பாட்டை நினைத்துப் பார்த்தால், என்னால் அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை.

இந்தியாவும் பிரிட்டனுக்கு இடையிலான தபால் கப்பலுக்குப் பணம் கொடுத்ததா? கொடுத்திருந்தால், நம்மவர்களுக்கு அதில் ஏதாவது சொல்லுரிமை இருந்ததா?
(வாசகர், சென்னை)

கொடுத்தது; சொல்லுரிமை இருக்கவில்லை. தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியே பம்பாய்க்கும் சூயஸுக்கும் இடையே தன் கடற்படைக் கப்பல்களில் தபாலை ஓட்டியது. 1830-இல் ‘ஹியூ லிண்ட்சே’ என்ற சிறிய நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து முதன்முதலாகச் சூயஸ் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பாதை கம்பெனிக்குப் பெருஞ்செலவு வைத்தது. ஆயினும் கம்பெனி அந்தப் பாதையைக் கைவிட மறுத்தது. 1854-இல் பி அண்டு ஓ நிறுவனம் ஆண்டுக்கு 24,700 பவுனுக்கு அதை ஏற்றபோதுதான், இந்திய வருவாயிலிருந்து எவ்வளவு அதிகம் செலவாகியிருந்தது என்பது வெளிப்பட்டது.

1867-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஆண்டு மானியம் 4,00,000 பவுன். நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு எட்டு விழுக்காடு ஈவுத்தொகை கிடைக்காத ஆண்டுகளில் அதை 5,00,000 வரை உயர்த்திக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது ஒரு தனியார் நிறுவனத்தின் இலாபத்துக்கு அரசு உறுதி கொடுத்தது. அந்த அரசின் செலவில் ஒரு பகுதி இந்தியாவின் கணக்கில் ஏறியது. இதே ஆண்டில் மெல்போர்னில் ஆறு குடியேற்றங்கள் கூடி, இத்தனை வழி வேண்டும், இவ்வளவுதான் தருவோம் என்று பேசிக்கொண்டிருந்தன. அடிலெய்டின் சட்டமன்றம் பணம் தர மறுக்கலாம். வெலிங்டன் வேறு வழியில் கப்பல் விடலாம். இந்தியாவில் செலவை மறுக்க அதிகாரம் பெற்ற மன்றம் எதுவும் இல்லை. இந்தியாவின் பெயரில் ஒப்புக்கொண்டவரும் லண்டனில் இருந்த அமைச்சர்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஊரில் கையெழுத்தாயிற்று. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களின் குறைகளைப் படிக்கும்போது, குறைபட்டுக்கொள்ளவாவது அவர்களுக்கு ஓர் அவை இருந்ததே என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

பிரிட்டன், இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவான செலவுகளை எப்படிப் பிரிப்பது என்பதை ஆராய 1895-இல் வெல்பி பிரபுவின் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. தாதாபாய் நௌரோஜி அதில் உறுப்பினர். 1897-இல் அதன்முன் சாட்சியம் அளித்த இந்தியர்களில் ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். இந்தியாவின் தலையில் ஏற்றப்பட்ட செலவுகளைப் பற்றி இந்தியரே லண்டனில் வாதாட முடிந்த அரிய வாய்ப்பு அது. ஆணையம் தன் அறிக்கையைத் தர 1900 ஆகிவிட்டது.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து பணம் கொடுக்கும் வழக்கம் கடைசியில் எப்போது நின்றது?
(வாசகர், நாகப்பட்டினம்)

பாதையைப் பிளந்த ஏற்பாடு பதினைந்து ஆண்டுகளுக்குள் சலித்துப்போயிற்று. 1888-இல் மறுபடி கூட்டாகச் சேர்ந்து, பி அண்டு ஓ-வுக்கும் ஓரியண்ட் நிறுவனத்துக்கும் ஆளுக்கு 85,000 பவுனாக ஆண்டுக்கு 1,70,000 பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இதில் பிரிட்டன் 95,000, குடியேற்றங்கள் 75,000. இரண்டு நிறுவனங்களின் கப்பல்களும் வாரம் மாறி வாரம் போனதால் ஆஸ்திரேலியாவுக்கு வாரந்தோறும் தபால் கிடைத்தது. 1891-இல் அந்தக் குடியேற்றங்கள், நாடுகளுக்கிடையே பொதுக் கட்டணம் வகுத்த உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்தன; அதே ஆண்டில் பிரிட்டனிலிருந்து வரும் கடிதத்துக்குக் கட்டணம் இரண்டரை பென்ஸாகக் குறைந்தது. எழுதுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கருவூலங்களுக்கு வருவாய் இழப்பு. இந்த அச்சத்தினால்தான், இந்தியா 1876-லேயே சேர்ந்த ஒன்றியத்தில் அவை அத்தனை காலம் சேராமல் தயங்கின.

இந்தக் கூட்டு முறிந்ததற்குப் பணம் காரணம் அன்று. 1901-இல் கூட்டாட்சி ஆனபின் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இயற்றிய தபால் தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வெள்ளையரை மட்டுமே வேலைக்கு வைத்துள்ள கப்பல்களுக்கே தபால் ஒப்பந்தம் தரலாம் என்று விதித்தது. பி அண்டு ஓ-வின் கப்பல்களில் மேல்தளத்தில் குஜராத், கொங்கணக் கடற்கரை மாலுமிகளும், கொதிகலன் அறையில் பஞ்சாபியரும், உணவுக்கூடத்தில் கோவாக்காரர்களும் உழைத்தார்கள். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. அரை நூற்றாண்டுக் காலம் ஆஸ்திரேலியாவின் கடிதங்களைக் கடல் கடத்தியதில் அவர்களுடைய கைகளுக்கும் பங்கு உண்டு. கடிதம் வேண்டும், அதைக் கொண்டுவந்த ஆள் வேண்டாம் என்ற அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. இந்தியர் பேரரசின் குடிமக்கள், அவர்களை விலக்கும் நிபந்தனையை எங்கள் ஒப்பந்தத்தில் எழுத முடியாது என்று பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட்டது.

பழைய கூட்டு ஒப்பந்தத்தைச் சிறிது நீட்டித்துப் பார்த்தார்கள். 1905 தொடக்கத்தில் அதுவும் முடிந்தது. அதன் பிறகு பிரிட்டன் தன் செலவில் பி அண்டு ஓ-வுடன் தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆஸ்திரேலியா வெள்ளைய மாலுமிகளை வைத்துக்கொள்ள இசைந்த ஓரியண்ட் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 பவுன் கொடுத்தது. கப்பல்கள் முன்போலவே வாரம் மாறி வாரம் கொழும்பைத் தொட்டுக்கொண்டு போயின: ஒரு வாரம் லண்டன் பணம் கொடுத்த கப்பல், லஸ்கர்களோடு, அடுத்த வாரம் ஆஸ்திரேலியா பணம் கொடுத்த கப்பல், அவர்கள் இல்லாமல்.